ஸ்க்வீக்கும் ஸ்க்வீலும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாய்க்குக் குறைவே இல்லை. பிறந்த வீட்டில் வைத்த 'வாயாடி' என்ற பட்டம் கல்யாணத்துக்குப் பிறகும் சீதனம் மாதிரிக் கூடவே வந்துவிட்டது. கணவன் அவளை முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட்டான். நாத்தனார் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டாள். தமிழில் அவளோடு மோதி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமாகி வந்த அயலூரில் கிடைத்த வேலையோ தொலைபேசியில் ஆங்கிலம் பேசுகிற வேலை. துணி துவைக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி அது. நாத்தனார் அங்கே மெக்கானிக். அவள்தான் சொல்லிவைத்து அண்ணியை உள்ளே சேர்த்துவிட்டிருந்தாள். இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு வாயாடி பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வினையே ஆரம்பித்தது.

மெஷின் கெட்டுப்போனவர்கள் கூப்பிடுவார்கள். "என்ன மாதிரி சத்தம் வருகிறது?" என்று அவள் கேட்க வேண்டும். அவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக இருக்கும் வார்த்தைகளில் அதைத் தேடித் தட்ட வேண்டும். அந்த வார்த்தையைப் பார்த்துக் கிடங்கிலிருந்து உதிரிப்பாகம் வெளியே வரும். மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு போவார். வார்த்தை தப்பினால் பாகம் தப்பும். பாகம் தப்பினால் மெக்கானிக் போனது வீண்.

ஸ்க்வீக், ஸ்க்வீல், ஸ்க்ரீச் என்று மூன்று வார்த்தைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. செல்போனில் இருந்த அகராதியில் போட்டுப் பார்த்தாள். முதலாவதற்குக் 'கீச்சிடுதல்' என்றது. இரண்டாவதற்கும் 'கீச்சிடுதல்'. மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்து, 'கீச்சிடுதல், கிரீச்சிடுதல்' என்றது. அகராதியே கைவிட்ட பிறகு அவள் என்ன செய்வாள்? கண்ணுக்கு முதலில் பட்டதைத் தட்டினாள்.

தட்டியதன் பலன் அன்று சாயங்காலமே வீடு தேடி வந்தது. நாத்தனார் கருவிப் பெட்டியை வாசலில் இறக்கிவைத்தாள். இறக்கிவைத்த விதத்திலேயே சேதி தெரிந்தது.

"அண்ணி, ஸ்க்வீக்னு போட்டிருந்தீங்க."

"ஆமா. கீச்சுனு கத்துதாம். அந்தம்மாதான் சொன்னாங்க."

"ஸ்க்வீக்னு போட்டா கிடங்குல கிரீஸ் டப்பாதான் குடுப்பான். நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. பெட்டியத் தூக்கிட்டு ஏறிப் போய்ப் பாத்தா பெல்ட்டு தேஞ்சிருக்கு. திரும்ப இறங்கி, கிடங்குக்குப் போய், பெல்ட்டு வாங்கி, மறுபடி ஏறினேன். 'நான் ஸ்க்வீல்னுதானே சொன்னேன்'னு அந்தம்மா என்னைப் பாத்துக் கேக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்கான்? பொழுது போகலையா அவனுக்கு?"

"சரி, என்ன வித்தியாசம்? நீயே சொல்லு."

நாத்தனார் செருப்பைக் கழற்றிப் போட்டாள். "எனக்கென்ன தெரியும்? நான் மெஷின் கிட்ட நின்னு காதால கேட்டுத்தான் வேலை பாக்குறேன். வார்த்தை உங்க டிபார்ட்மெண்ட்டு."

கணவன் அந்த நேரம் பார்த்துத்தான் டியூட்டி முடிந்து வந்தான். அவன் பஸ் டிரைவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைத் தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து நன்றாகக் கற்றுக்கொண்டவன். "சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அன்றைக்கு நெடுநேரம் கழுவினான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒருவர் கூப்பிட்டு, தன் மெஷினிலிருந்து 'பஸ்' வருவதாகச் சொன்னார். வண்டு இரைவதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு வார்த்தை உண்டென்பது அவளுக்குத் தெரியாது. பஸ் டிரைவரின் பெண்டாட்டிக்கு பஸ் என்றால் பஸ்தான். "எந்த பஸ்?" என்று கேட்டாள். அந்த நல்ல மனிதர், மெக்கானிக் தன் வீட்டுக்கு வர வழி கேட்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் நம்பரையும் இறங்க வேண்டிய இடத்தையும் நிதானமாகச் சொன்னார். அவள் அதையெல்லாம் குறிப்புப் பகுதியில் சிரத்தையாகத் தட்டி அனுப்பினாள். கம்பெனி வேனில் போகிற மெக்கானிக்குகள் அதைப் படித்துவிட்டு, வேனுக்குள் எழுந்து நின்று டிக்கெட் கேட்டு விளையாடினார்களாம்.

சிரிப்பு மேலாளர் காது வரைக்கும் போயிற்று. அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் மிட்டாய்க்காரர். எப்போதும் கன்னத்தில் ஒரு புதினா மிட்டாய் அடக்கிவைத்திருப்பார். அதைத் தாண்டி வருகிற ஆங்கிலம் பாதி வழியிலேயே வழுக்கி விழும். அன்றைக்கு அவர் சொன்னது மட்டும் ஒரு சொல் தப்பாமல் புரிந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். சரிப்படவில்லை என்றால் கிடங்குக்கு மாற்றிவிடுகிறேன். நல்ல வேலைதான். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை."

யாரோடும் பேச வேண்டியதில்லை! வேலையை விட்டே அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "கிளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"பட்டறைக்கு. உங்கள கிடங்குல போட்டா, அந்த நாற்காலில இன்னொருத்தர் வருவாங்க. அவங்களையும் நான் மொதல்லேருந்து திட்டிப் பழக்கணும். எனக்கு அவ்வளவு தெம்பில்ல."

பட்டறையில் சுவரோரமாகப் பழைய மெஷின்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நாத்தனார் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கெடுத்தாள். ஒன்றில் பெல்ட்டைத் தளர்த்தினாள். இன்னொன்றின் தொட்டிக்குள் ஒரு சில்லறைக் காசைப் போட்டாள். மற்றொன்றுக்கு ஒரு பக்கத்து அதிர்வுதாங்கியைக் கழற்றிவிட்டாள். பிறகு சுவிட்சைப் போட்டு, "கேளுங்க" என்றாள்.

வாயாடி கேட்டாள். கேட்டதை அப்படியே வாயால் திருப்பிச் செய்துகாட்டினாள். காசு போட்டதற்குக் கடகட. அதிர்வுதாங்கி இல்லாததற்குத் தொம், தொம். தண்ணீர்க் குழாய்க்கு உஸ். தொட்டியின் அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்த பழைய மெஷினுக்கு அடிவயிற்றிலிருந்து ஓர் உருளல். நாக்கை மடித்து, கன்னத்தை உப்பி, தொண்டையைக் கரகரத்து அவள் செய்ததைக் கேட்டால், மெஷின் ஓடுகிறதா இவள் ஓடுகிறாளா என்றே தெரியாது. நாத்தனார் கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் ஒரே இடத்தில் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

"காது உங்களுக்கு என்னைவிட நல்லாவே இருக்கு அண்ணி."

"காது இருந்து என்ன? ராட்டில்னா இதுல எது, ரம்பிள்னா எது? உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"சத்தம் இந்தப் பக்கம் தயாரா இருக்கு. வார்த்தை அந்தப் பக்கம் தயாரா இருக்கு. நடுவுல கல்யாணம் பண்ணிவைக்க ஒரு தரகர்தான் இல்ல" என்றாள் நாத்தனார்.

விளையாட்டாகச் சொன்ன அந்தப் பேச்சு வாயாடியின் மனசில் தைத்தது. தரகர் எங்கே இருக்கிறார்? தினமும் போனில் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்!

திங்கட்கிழமை முதல் அழைப்பு, குரலைக் கேட்டால் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் மாதிரி இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. தண்ணீர் இறங்கவில்லை, ஏதோ சத்தம் மட்டும் வருகிறது என்றார். வாயாடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சார், தயவுசெய்து அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டுங்கள்" என்றாள்.

"என்ன?"

"வாயால், சார். மெஷின் மாதிரி."

பக்கத்து இருக்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பெரிய குரல், கதவைச் சாத்திவிட்டு வந்தது போலத் தணிந்து, "ம்ம்ம்ம்ம்" என்றது.

"இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள் சார்?"

"இதுவா? ஹம்."

"ஹம்" என்று அவளும் சொன்னாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். வார்த்தை முடிந்துவிட்டது. ஆனால் உதடு மூடியபடி இருந்தது. மூடிய உதட்டுக்குள் அந்தச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹம்ம்ம்ம். அவர் செய்துகாட்டியதும் இதுதானே! சத்தத்தின் பெயரைச் சொல்லப்போய், வாய் அந்தச் சத்தத்தையே போட்டிருக்கிறது.

அழைப்பை முடித்துவிட்டுத் திரையில் இருந்த மற்ற வார்த்தைகளை ஒவ்வொன்றாக நாக்கில் போட்டுப் பார்த்தாள். ஹிஸ்: குழாயில் காற்றுப் பிய்த்துக்கொண்டு போகிறது. தட்: கனமாக விழுந்து அங்கேயே படுத்துவிடுகிறது. பஸ்: கடைசியில் பல்லுக்கு நடுவில் வண்டு ஒன்று சிக்கிக்கொண்டு துடிக்கிறது. அடப்பாவி, நீதானா அது!

கடைசியாக, தன்னை அந்தப் பாடு படுத்திய இரண்டுக்கும் வந்தாள். ஸ்க்வீக். கடைசியில் ஒரு 'க்' வந்து சத்தத்தைக் கத்தரித்துவிடுகிறது. எலி மிதிபட்டது மாதிரி ஒரு கீச், அவ்வளவுதான். எண்ணெய் காணாத இடத்தில் இரும்பு உரசுகிற சத்தம். ஸ்க்வீல். இதில் 'ல்' கதவைத் திறந்துவைக்கிறது; மூச்சு இருக்கும் வரைக்கும் இழுத்துக்கொண்டே போகலாம். ஸ்க்வீஈஈஈல். தேய்ந்த பெல்ட் நிறுத்தாமல் அலறுவது அதுதான். அகராதி 'கீச்சிடுதல்' என்று ஒரே கயிற்றில் கட்டிப்போட்ட இரண்டும் அவள் வாயில் தனித்தனியாக நடந்து போயின.

"உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? தண்ணீர் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டாள் பக்கத்து இருக்கைக்காரி.

"ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன். ரொம்ப நன்றாக இருக்கிறேன்!" என்று வாயாடி ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கணவன் ஓட்டிவந்த பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது. "ஹிஸ்" என்றாள். ஜன்னல் கண்ணாடி ஆடியது. "ராட்டில்." முன்னால் போன வண்டி பிரேக் போட்டது. "ஸ்க்ரீச்! முள்ளு மாதிரி காதுல குத்துது பாருங்க, அந்தக் கடைசி 'ச்'தான் முள்ளு." எஞ்சின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. "ரம்பிள். வாய்க்குள்ள எவ்வளவு இடம் எடுத்துக்குது! ராட்டில் அப்படி இல்ல, நுனிநாக்குலயே குதிக்குது."

"வண்டிய ஓட்ட விடும்மா. ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். இந்த சவுண்டுக்கும் நாய்ஸுக்கும் என்னங்க வித்தியாசம்? அது ரெண்டு மட்டும் எந்தச் சத்தமும் போட மாட்டேங்குது."

அவன் சிக்னலில் வண்டியை நிறுத்தி யோசித்தான். "உன் பேச்சு எனக்கு சவுண்டு" என்றான். "தங்கச்சிக்கு நாய்ஸு."

இந்த வித்தியாசத்தை எந்த அகராதியும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

அந்த வாரத்தில் அவள் பதிந்ததை நம்பித் தவறான பாகத்தோடு யாரும் மாடி ஏறவில்லை. ஆனால் மிட்டாய்க்காரர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மாசக் கடைசியும் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாணவர் விடுதியிலிருந்து அந்த அழைப்பு வந்தது.

விடுதியில் இருந்தது ஆள் உயர மெஷின். அந்த மாதிரி மெஷின்கள் அவர்களிடம் நிறைய. கம்பெனிக்கு அது பெரிய வாடிக்கை. வேறு இருவர் ஏற்கனவே இந்த அழைப்பை எடுத்து 'ராட்டில்' என்று பதிந்து அனுப்பியிருந்தார்கள். போன மெக்கானிக்குகள் மெஷினை ஓட்டிக் கேட்காமலே காசையும் தளர்ந்த ஸ்க்ரூவையும் தேடித் தேடி வெறுங்கையோடு வந்திருந்தார்கள். இன்றைக்குச் சரியாகவில்லை என்றால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று விடுதியிலிருந்து காலையிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது மற்ற இணைப்புகள் எல்லாம் வேலையாக இருக்க, அழைப்பு நேராக வாயாடியின் காதில் வந்து விழுந்தது. மிட்டாய்க்காரர் பதறிக்கொண்டு வந்து, அழைப்பைத் தன் பக்கம் தள்ளிவிடும்படி சைகை காட்டினார். அவள் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்றாள்.

பேசியவர் விடுதியின் சலவைக்காரர். அவர் தாய்மொழி வேறு ஏதோ ஒன்று. ஆங்கிலம் இவளைவிடவும் தட்டுத்தடுமாறியது.

"ராட்டிலா?" என்று கேட்டாள்.

"யெஸ், யெஸ். ராட்டில்."

"ரம்பிளா?"

"யெஸ், யெஸ். ரம்பிள்."

வாயாடிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இந்த 'யெஸ்' அவளுக்கு நன்றாகத் தெரிந்த 'யெஸ்'. புரியாதபோது, மறுபடி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிற 'யெஸ்'. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த 'யெஸ்'ஸை நம்பித்தான் இரண்டு மெக்கானிக்குகள் காசு தேடிப் போயிருக்கிறார்கள்.

"சார், வார்த்தை வேண்டாம். நான் வாயால் செய்கிறேன். நீங்கள் கேளுங்கள்" என்றாள். நுனிநாக்கை ஓடவிட்டுக் கடகடவென்று ராட்டில் செய்தாள்.

சலவைக்காரர் காதுகொடுத்துக் கேட்டார். "நோ."

பெல்ட் மாதிரி அலறினாள். "நோ, நோ."

பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கிளப்பி, தூரத்து இடி உருண்டு வருவது போல நெஞ்சுக்குள் உருட்டினாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யெஸ்!" என்று சலவைக்காரர் கத்தினார். "யெஸ்! யெஸ்! அது! வேகம் போனால், இன்னும் பெரிசு!" இந்த 'யெஸ்' வேறு 'யெஸ்'. மனிதர் அங்கே துள்ளிக் குதிப்பது இங்கே தெரிந்தது.

வாயாடி மிட்டாய்க்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "சார், இது ராட்டில் இல்லை. ரம்பிள். ராட்டில் என்றால் சின்னச் சின்னதாக நிறைய. ரம்பிள் என்றால் ஒன்று, பெரியது. வேகம் ஏறினால் அதுவும் ஏறுகிறது. பேரிங் போய்விட்டது." ஆங்கிலத்தில் அவள் வாயிலிருந்து தடங்கலில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை வாக்கியங்கள் வந்தது அதுவே முதல் தடவை. வந்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

பேரிங் மாற்றுவதென்றால் தொட்டி முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. மிட்டாய்க்காரர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அவர் தலையசைத்தார். அனுப்பக் கையில் இருந்த மெக்கானிக் யார்? நாத்தனார்தான். வேனில் ஏறுவதற்கு முன் வாயாடியின் மேசைக்கு வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணி, தொட்டியையே இறக்கச் சொல்றீங்க. தப்பாப் போச்சுன்னா உங்க பேரோட என் பேரும் சேந்து போயிடும்."

"போய் இறக்கு. பேரிங் கையோட உதிர்ந்து வரலைன்னா என் பேர மாத்திக்கிறேன்."

"எந்தப் பேர? அந்தப் பட்டப் பேரையா?"

"நீயும் என்னை அப்படித்தான் கூப்பிடறியான்னு அப்புறம் பேசிக்கிறேன். கிளம்பு."

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் முழுவதும் வாயாடி அழைப்புகளை எடுத்தாள். வாய் வேலை செய்தது, மனசு விடுதியில் இருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரைப் போடும்படி மிட்டாய்க்காரர் சைகை காட்டினார்.

"அண்ணி!" நாத்தனாரின் குரல் அறை முழுக்க முழங்கியது. "உதிர்ந்துடுச்சு! உள்ள இருக்கிற குண்டெல்லாம் பொடிப் பொடியா என் உள்ளங்கையில கொட்டுது! புதுசு மாட்டிட்டேன். ஓடவிடறேன், கேளுங்க!"

தமிழ் புரியாதவர்களுக்கும் சேதி புரிந்துவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தொலைபேசிக்குள் மெஷின் கிளம்பியது. வேகம் ஏறியது, இன்னும் ஏறியது. உருளலும் இல்லை, உறுமலும் இல்லை. வழவழவென்று ஒரே சீராக ஓடியது. அதற்கு மேலே சலவைக்காரரின் குரல் கேட்டது. "தேங்க் யூ! தேங்க் யூ, ரம்பிள் மேடம்!"

அறை கைதட்டலில் அதிர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரி அவளைக் கட்டிக்கொண்டாள். மிட்டாய்க்காரர் செய்த காரியம்தான் யாரும் எதிர்பார்க்காதது. வாயிலிருந்த மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். பிறகு ஒவ்வொரு எழுத்தும் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று தெரிய, "கிடங்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இங்கேதான்" என்றார்.

வீட்டில் அன்றைக்கு நாத்தனாரே கதை சொன்னாள். தொட்டியை இறக்கியதையும் குண்டு உதிர்ந்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பேரிங் இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இடி வாங்காத மத்தளமாக உட்கார்ந்திருப்பது அவனுக்குப் புது அனுபவமாக இருந்தது. "இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டு வாங்கினான்.

வேலை நிரந்தரமானது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களின் அழைப்புகள் எல்லாம் அவளிடமே வரும்படி மிட்டாய்க்காரர் ஏற்பாடு செய்தார். மற்றவர்களும் சந்தேகம் வந்தால் அவள் மேசைக்கு வந்து வாயைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். மதிய இடைவேளையில் அந்த அறைக்குள் யாராவது புதிதாக நுழைந்தால், மிருகக்காட்சிசாலைக்கு வந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் போலக் கடகடவென்று பேசுகிற ஒருவர் கூப்பிட்டார். நடுவில் 'க்ளங்க்' என்றார். அவள் அதுவரை கேட்டறியாத வார்த்தை. திரையிலும் இல்லை. முன்பென்றால் வாய் 'யெஸ்' என்றிருக்கும்.

"மன்னிக்க வேண்டும் சார். அந்த வார்த்தையை இன்னொரு தடவை, மெதுவாக."

"க்ளங்க்."

வாயாடி அதை வாங்கி நாக்கில் வைத்தாள். க்ளங்க். கனமான இரும்பு. ஒரே அடி. அடித்துவிட்டு நின்றுவிடுகிறது, உருளவில்லை, இழுக்கவில்லை.

"தொட்டி சுற்ற ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, இல்லையா சார்? பிறகு இல்லை?"

"அதேதான்!" என்றார் அவர் ஆச்சரியத்தோடு. "நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்கிறீர்களே!"

மெஷின் ஆடாமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் எடைக்கல்லின் போல்ட் தளர்ந்திருக்கிறது. குறிப்புப் பகுதியில் 'க்ளங்க்' என்று பதிந்துவிட்டு நிமிர்ந்தபோது, நாத்தனார் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு எதிரே நின்றிருந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன அண்ணி, க்ளங்க்? புதுசா இருக்கே. என்ன எடுத்துட்டுப் போகணும்?"

"வாயால சொல்லிப் பாரு."

நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். பிறகு கருவிப் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "எடைக்கல் போல்ட்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.